இளம்பிள்ளை வாதமும் என் வாசல் வேப்பிலையும்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கிற உத்தியோகஸ்தருக்கு டிரெஸர் என்று பெயர். அவர் கொடுத்த மருந்தை ஏன் குடிக்க வேண்டும் என்று நாள் முழுவதும் விளக்குகிற உத்தியோகத்துக்குப் பெயரே இல்லை, அதைப் பார்ப்பது அவர் சம்சாரம். டிரெஸர்களைக் கட்டிக்கொண்டு அவதிப்படுகிற சகோதரிகளுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. முன்வாசலில் அவரிடம் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டு, நேரே சுற்றிக்கொண்டு நம் அடுப்படிக்கு வந்து, "அவரு என்னம்மா சொல்றாரு?" என்று கேட்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி வீட்டுப் பெண்மணிகளுக்கு நம்ப முடியவில்லை என்றால் ஒரு வாரம் என் பின்வாசலில் வந்து உட்காரட்டும்.

நாங்கள் இருந்தது மலாயாவில், யோங் பெங்கிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போகிற ஒரு ரப்பர் தோட்டம். நான் மலாக்காவில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். கை கழுவாமல் ஜெபமாலையைக்கூடத் தொடக் கூடாது என்று வளர்த்தார்கள். என் வீட்டுக்காரர் சாது. அவர் ஒரு வார்த்தையை யோசித்து எடுப்பதற்குள் நான் பத்து வார்த்தை பேசிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். ரப்பர் விலை விழுந்து துரைமாரின் முகமும் சேர்ந்து விழுந்திருந்த காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. இப்போது பத்திரிகைகளில் போலியோ என்று சுருக்கமாக எழுதுகிறார்கள். அப்போது தொழிலாளிகள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்தில் அதற்குச் சுருக்கமும் கிடையாது, விரிவும் கிடையாது.

தாய் தின்ற மாத்திரை

தோட்டத்தில் எல்லாக் காய்ச்சலும் மலேரியாதான். அப்படித்தான் லயத்து ஜனங்களும் நினைத்தார்கள், ஆஸ்பத்திரி அலமாரியும் நினைத்தது; அதில் கொயினாவைத் தவிர வேறு அதிகம் இருக்காது. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு மத்தியானம் என் வீட்டில் பாத்திரம் கழுவ வருகிறவள் அஞ்சலை. கூடவே அவளுடைய ஒரே பிள்ளை ராக்குவும் வரும். மூன்று வயசு, ஓரிடத்தில் நிற்காத கால். என் கடைக்குட்டி திரேசாவும் அதுவும் சேர்ந்துவிட்டால் என் கோழிகள் கூரைமேல்தான் இருக்கும்.

ஒருநாள் ராக்குவுக்குக் காய்ச்சல் என்று அஞ்சலை வந்தாள். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் கொயினா கொடுத்தனுப்பினார். மறுநாளும் காய்ச்சல் விடவில்லை. கழுத்தை வளைக்க மாட்டேன் என்கிறது, தொட்டால் அழுகிறது என்றாள். மருந்து ஒழுங்காக உள்ளே போயிற்றா என்று கேட்டேன். அஞ்சலை கொஞ்சமும் கூசாமல் சொன்னாள்:

"கசக்குதுன்னு துப்பிருச்சும்மா. வீணாப் போகுமேன்னு நான் தின்னுட்டேன். இன்னும் பால் மறக்காத பிள்ளைதானே, எங்கிட்டேருந்து அதுக்குப் போய்ச் சேராதா?"

காய்ச்சிய எண்ணெய்

காய்ச்சல் இறங்கிய காலையில் ராக்கு எழுந்து நிற்கப் பார்த்தது. வலது கால் மடங்கிவிட்டது. படுக்கிற பலகையிலிருந்து உருண்டு விழுந்திருக்கும், சுளுக்கு என்று அஞ்சலை தானே தீர்மானித்து வீராசாமியைக் கூட்டிவந்துவிட்டாள். வீராசாமி பால் வெட்டுகிறவர். சாயங்காலங்களில் லயத்துச் சுளுக்கையெல்லாம் எண்ணெய் போட்டு வழித்துவிடுகிறவர். அவர் கையில் அகப்பட்ட கால் ஒன்று குணமாகும், அல்லது வலிக்கிறது என்று சொல்லப் பயந்துபோகும்.

பாத்திரம் குவிந்து கிடக்கிறதே, ஆளைக் காணோமே என்று கோபத்தோடு லயத்துக்குப் போனவள் நான். அங்கே எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளையின் காலைத் தூக்கிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை; பிழிந்த துணி மாதிரி தொங்கியது. கிள்ளினேன், வீலென்று கத்தியது. ஆக, வலி தெரிகிறது, கால் மட்டும் சொன்னதைக் கேட்கவில்லை. மலாக்காவில் என்னோடு படித்த ஒருத்தி காலில் இரும்புக் கம்பி கட்டி நடப்பாள். சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது காலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று சிஸ்டர் சொல்வார். அது நினைவுக்கு வந்ததுதான் தாமதம், வீராசாமியின் கையைத் தட்டிவிட்டேன். என் வீட்டுக்காரரை வரவழைத்தேன். அவரும் பார்த்தார், முகம் வெளுத்து ஆபீஸ் டெலிபோனைத் தேடி ஓடினார். அஞ்சலை பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுளுக்கு இல்லையென்றால் பின்னே என்ன என்று யாரையாவது கேட்கப் பார்த்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வீராசாமி மட்டும் இடத்தைவிட்டு அசையாமல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சுளுக்கு இல்லேன்னா சந்தோசம்தாம்மா. எண்ணெய் காஞ்சு போச்சே, உங்களுக்கு முட்டி வலி எதும் இருக்கா?"

நொண்டி தொத்துமா?

பெரிய டாக்டர் குளுவாங்கிலிருந்து காரில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார், பேசினால் ஜனங்களுக்குப் புரியாது. சின்ன ரப்பர் சுத்தியலால் ராக்குவின் முழங்காலைத் தட்டினார். இடது கால் துள்ளியது, வலது கால் கேட்காத மாதிரி கிடந்தது. இளம்பிள்ளை வாதம் என்றார். இதற்கு மருந்து கிடையாது. காலை நேராக வைத்துப் பலகை கட்ட வேண்டும். வலி போகிறவரையில் பிசையக் கூடாது, நடக்க வைக்கக் கூடாது. பிறகு மெல்ல மெல்ல அசைத்துப் பழக்கினால் போன பலத்தில் கொஞ்சம் திரும்பி வரலாம். எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அஞ்சலை அவரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் வேறு ஏதாவது மாற்றிச் சொல்வேன் என்பதுபோல.

அப்புறம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். அவர் தமிழை நான் எங்கள் தோட்டத் தமிழில் திருப்பிச் சொன்னேன். இது காலில் வருகிற வியாதி இல்லை, கிருமியால் வருகிற காய்ச்சல். மைக்ரோஸ்கோப்பில்கூடத் தெரியாத அளவு சின்னக் கிருமி. தொண்டையிலும் மலத்திலும் இருக்கும். கழுவாத கையாலும் எச்சில் பாத்திரத்தாலும் வாய்க்குப் போகும். ஈயும் கொண்டுபோகலாம். நிறையப் பிள்ளைகளுக்கு வரும், ஆனால் முக்கால்வாசிப் பேருக்குச் சளி, காய்ச்சல், தொண்டை வலியோடு சரியாய்ப் போய்விடும். ஒருசில பிள்ளைகளுக்குத்தான் நரம்பில் இறங்கிக் கையையோ காலையோ பிடிக்கும். கால் போன பிள்ளையிடமிருந்து மட்டுமல்ல, ஒன்றுமே ஆகாத பிள்ளையிடமிருந்தும் தொத்தும். அதனால் சில வாரங்களுக்கு ராக்கு வீட்டுக்குள் யாரும் போகக் கூடாது. அஞ்சலையும் பிள்ளையும் வெளியே வரக் கூடாது. சோறு வாசலில் வைக்கப்படும்.

களத்தில் சலசலப்பு. காய்ச்சல் தொத்தும், சரி. வாந்திபேதி தொத்தும், சரி. நொண்டி எப்படித் தொத்தும்? கண்ணுசாமி என்று ஒரு வெட்டுக்காரர், எதிலும் முன்னால் வந்து நிற்கிறவர், கையைக் கட்டிக்கொண்டு பணிவாகத்தான் கேட்டார்:

"எங்கப்பனுக்கு ஒரு காலு குட்டைங்க டாக்டரு. எங்கம்மா அவருகூடவே இருந்து ஏழு பிள்ளை பெத்துச்சு. எங்கள்ல ஒருத்தனும் நொண்டலையே?"

ஈ வேட்டை

டாக்டர் சொன்னதில் துரையின் காதில் ஏறியது ஈ ஒன்றுதான். தோட்டத்தில் ஈயே இருக்கக் கூடாது, ஈ அடித்து வருகிற பிள்ளைக்கு ஆபீசில் மிட்டாய் கொடுக்கப்படும் என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவுதான், பிள்ளைகளை அறியாதவர் போட்ட உத்தரவு. மறுநாளே தீப்பெட்டி தீப்பெட்டியாக ஈக்கள் வந்தன. பெட்டியில் இருந்ததைக் கையால் எடுத்துக் காட்டி, அதே கையால் மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். நான் போய் ஆபீஸ் வாசலில் நின்று, துரைக்குக் கேட்கிற மாதிரி இங்கிலீஷிலும் கிராணிக்குக் கேட்கிற மாதிரி தமிழிலும் சண்டை போட்டேன். மிட்டாயை நிறுத்துங்கள், கக்கூஸ் குழிகளுக்குச் சுண்ணாம்பு போடுங்கள், மூடி போடுங்கள் என்றேன். துரை, ஈயாவது குறைந்திருக்கிறதா என்று விசாரித்துவர கிராணியை அனுப்பினார். கிராணி சுற்றிப் பார்த்துவிட்டு, துரையிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் வந்து சொன்னார்:

"ஈ குறையலீங்க மேடம். ஆனா ஈ தேடிக்கிட்டுப் பிள்ளைங்க பூரா கக்கூஸ் பக்கமே குடியிருக்குதுங்க."

ஒரு கை, இருபது வாய்

பெண்கள் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே ஆயா காளியம்மா. எந்தப் பிள்ளையையும் பட்டினி போட்டவள் இல்லை, எந்தப் பிள்ளையையும் அடித்தவள் இல்லை. ஆனால் அவள் ஊட்டுகிற விதம் இருக்கிறதே! ஒரு பெரிய கும்பாவில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொள்வாள். பிள்ளைகள் சுற்றி வட்டமாக உட்காரும். உருட்டி ஒரு வாய், உருட்டி அடுத்த வாய், ஒரே கை, சுற்றிச் சுற்றி வரும். கடித்துவிட்டு ஒன்று துப்பினால் அதை மறுபடி கும்பாவிலேயே போட்டுப் பிசைவாள், சோறு சாமி, வீசக் கூடாது. இதுதான் கிருமிக்கு ராஜபாட்டை என்று நான் சொன்னேன். இதே கையில்தான் இந்தத் தோட்டமே வளர்ந்தது என்று அவள் சொன்னாள். இருவரும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வாயால் ஆகாது என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போய்த் திரேசாவின் கண்மைச் சிமிழை எடுத்துவந்தேன். முதலில் உட்கார்ந்திருந்த பயலின் உதட்டில் மையைத் தாராளமாக அப்பிவிட்டு, இப்போது உன் இஷ்டப்படி ஊட்டு என்றேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு ஊட்ட ஆரம்பித்தாள். இரண்டு சுற்று வருவதற்குள் வட்டத்தில் பாதி உதடுகளில் கறுப்பு. கும்பாவில் கறுப்பு. அவள் விரல்களில் கறுப்பு. பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. காளியம்மா சிரிக்கவில்லை. கும்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ராக்குவும் இந்த வட்டத்தில் உட்கார்ந்த பிள்ளைதான். அன்று சாயங்காலமே பிள்ளைக்கு ஒரு சிரட்டை என்று தேங்காய்ச் சிரட்டைகளை மழமழவென்று தேய்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம் சுட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்தேன். காளியம்மா ஒப்புக்கொண்டாள், ஆனால் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை.

"மை தெரியுதும்மா, சரி. நாளையிலேருந்து சிரட்டைதான். ஆனா இதுங்க ஊட்டாம திங்காது. காலையில நீங்களும் வந்து பாதியை ஊட்டுங்க, கையைக் கழுவிட்டு."

மூன்று மொழிப் பலகை

ராக்கு வீட்டு வாசலுக்கு என் வீட்டுக்காரர் ஒரு பலகை செய்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு அழகாக எதையும் செய்ததில்லை. "அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது" என்று தமிழிலும் மலாயிலும் இங்கிலீஷிலும் வெள்ளை வர்ணத்தில் எழுதி ஆணி அடித்தார். ஜனங்கள் வந்தார்கள், எழுத்து அழகாயிருக்கிறது என்று பாராட்டினார்கள், உள்ளே போனார்கள். இடுப்பில் தங்கள் பிள்ளைகளோடு போனார்கள். சந்தியில் கடை வைத்திருந்த ராவுத்தர் பிஸ்கட் டின்னோடு வந்து, பலகையை முழுசாகப் படித்துவிட்டு, இது வெளியாட்களுக்குத்தானே என்று செருப்பைக் கழற்றினார்.

நான் விளக்குமாற்றோடு வாசலில் நின்றேன். எத்தனை நேரம் நிற்பது? என் வீட்டில் அடுப்பு இல்லையா? உள்ளேயிருந்து அஞ்சலையே வாங்க, வாங்க என்று கூப்பிடுகிறாள். நோயாளிப் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களை வராதே என்று சொன்னால் பகை என்று அர்த்தம். பார்க்க வராமல் இருந்தால் அதைவிடப் பெரிய பகை. இது தெரியாமல் நாங்கள் பலகை மாட்டியிருந்தோம். கைப்பிள்ளைக்காரி ஒருத்தியை நான் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியபோது அவள் கோபப்படவில்லை, எனக்குப் புத்தி சொன்னாள்.

"எட்டிப் பார்க்கலேன்னா நாளைக்கு என் பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரும்மா வருவா? உங்க பலகையா வரும்?"

உள்ளே வராதே

அன்று திரும்பி வரும்போது லயத்தின் கடைசி வீட்டைக் கவனித்தேன். அங்கே ஒரு பையனுக்கு நீர்க்கொள்ளுவான் அம்மை. நிலைப்படியில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது, அவ்வளவுதான். பலகை இல்லை, ஆணி இல்லை, விளக்குமாற்றோடு டிரெஸரம்மா இல்லை. ஆனால் வாசலை ஒட்டி நடக்கிற ஆள்கூட நான்கு அடி தள்ளி நடந்தார். அம்மன் வந்திருக்கிற வீடு. உள்ளே போகக் கூடாது. போகாதது பகை இல்லை, மரியாதை. கன்னியாஸ்திரீகளிடம் படித்த மூளை இது. கொஞ்சம் தாமதமானாலும் வேலை செய்யும். நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனேன், வாழ்க்கையில் முதல் தடவையாக.

அங்கே பூசை செய்கிற பண்டாரம், ஜெபமாலைக் கழுத்தோடு நான் வந்து நிற்பதைப் பார்த்துக் கும்பிடுவதா எழுந்து நிற்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி பாதி செய்தார். நான் பொய் சொல்லவில்லை. ராக்குவுக்கு வந்தது அம்மை இல்லை, ஆனால் அம்மை மாதிரியே தொத்தும்; வீட்டுக்குள் ஆள் போனால் இன்னும் பிள்ளைகளின் கால் போகும்; ஒரு கொத்து வேண்டும் என்றேன். பண்டாரம் தானே மரத்தில் ஏறி ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்தார். அஞ்சலை உள்ளேயிருந்தே பயந்தாள்: அம்மன் வராத வீட்டில் அம்மன் இலையைக் கட்டினால் இருக்கிற காலும் போய்விடும் என்றாள். ஆனாலும் அவர் அவள் வாசலில் கட்டினார். மறுநாளிலிருந்து ஒரு ஈ காக்கை நுழையவில்லை. வேப்பிலையைக் கண்டதும் ராவுத்தர்கூட இரண்டாவது பிஸ்கட் டின்னைத் தூரத்திலேயே வைத்துவிட்டுப் போனார். கட்டும்போது பண்டாரம் அஞ்சலையிடம் சொன்னது இதுதான்:

"இலை சொல்றது 'உள்ளே வராதே'ங்கிற ஒரு சொல்லுதான் பிள்ளை. உள்ளே வந்திருக்கிறது ஆத்தாளா காய்ச்சலான்னு அது சொல்றதில்லை. கேட்கிறவன் பயந்தா நமக்கென்ன?"

திரேசாவின் தகரக் குவளை

டாக்டர் இரண்டாம் முறை வந்தபோது, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அவருக்குக் காட்டுகிற பெருமையில் நான் முன்னால் நடந்தேன். லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது, கை கால் எல்லாம் சரியாக இருந்தன. அஞ்சலை வாசலுக்கு எதிரே, வேப்பிலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். ராக்குவுக்கு முன்னால் யாருக்குக் காய்ச்சல் கண்டது என்று அவர் கேட்டார். யாருக்கும் இல்லை, லயத்தில் நன்றாக விசாரித்தாயிற்று என்றேன். அவர் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற திரேசாவைக் காட்டி, இவளுக்கு என்று கேட்டார்.

திரேசாவுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் இரண்டு நாள் இருந்தது உண்மை. ஜோகூர் பாருவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த கையோடு வந்தது, அலைச்சல் என்று நினைத்தோம். அந்த வாரம் முழுக்க அவளும் ராக்குவும் என் அடுப்படியில் ஒரே தகரக் குவளையில் கோப்பி குடித்தார்கள். டாக்டர் குரலை உயர்த்தவில்லை. இதிலிருந்துதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இப்படித்தான் போகும். நல்லாயிருக்கிற பிள்ளையும் சில வாரங்கள் மலத்தில் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கும் என்றார். பினைல் போட்டுக் கழுவிய வீடு, இரண்டு தரம் கொதித்த தண்ணீர், என் வீடு! எனக்கு வாய் அடைத்துப் போனதை என் வீட்டுக்காரர் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார். வேப்பிலைக்கு அந்தப் பக்கம் அஞ்சலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால் என் முன்வாசலில் ஒரு கொத்து, பின்வாசலில் ஒரு கொத்து. பண்டாரம் கட்டியிருக்கிறார்; கட்டச் சொன்னது அஞ்சலை. இது என்மேல் தீர்க்கிற பழியா, என்ன இது என்று கேட்கத்தான் போனேன். போய் அவள் வாசலுக்குத் தள்ளி நின்றேன். அவள் உள்ளேயிருந்தே, பலகை கட்டிய காலை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்கம்மா. என் பிள்ளைக்குத் தோட்டமே ஒதுங்கி நின்னுச்சு. உங்க பிள்ளைக்கும் நிக்கட்டும். மரியாதையில எதுக்கு வித்தியாசம்?"

பாதிரியாரும் இலையும்

கொத்தை நான் அவிழ்க்கவில்லை. இதற்குள் எங்கள் பாதிரியார் வருகிற ஞாயிறு வந்துவிட்டது. மாதம் ஒருமுறை வந்து எங்கள் வீட்டு ஹாலில்தான் பூசை வைப்பார். பிரான்சு தேசத்துக்காரர், தாடி வயிறு வரைக்கும், தமிழ் புத்தகம் மாதிரி. சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார். மேலே இயேசுவின் திருஇருதயப் படம், அதற்குக் கீழே மாரியம்மன் வேப்பிலை. என் வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். நான்தான் உள்ளதை உள்ளபடி சொன்னேன்: பிள்ளைக்கு வந்து போனது இது, தொத்துவது இப்படி, ஜனங்களுக்குப் புரிகிற பாஷை இந்த இலை, பாவமென்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் இப்போது அவிழ்க்க மாட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, படியில் ஏறாமலே பேசினார்:

"எகிப்து தேசத்தில் இஸ்ராயேலர் நிலைக்கால்களில் ஆட்டின் இரத்தத்தைப் பூசினார்கள், மகளே. நீ இலையோடு நிறுத்திக்கொண்டாய், நல்லது. பூசையை ரப்பர் ஸ்டோரில் வைக்கலாமா, அங்கே நாற்றம் அதிகமோ?"

ராக்கு கேட்டது

வலி போய்ப் பலகையை அவிழ்த்தபோது ராக்குவின் வலது கால் இடது காலைவிட மெலிந்திருந்தது. டாக்டர் வீராசாமியைக் கூப்பிட்டு, இனிமேல் எண்ணெய் போடலாம், ஆனால் வழிக்கக் கூடாது, இப்படி மடக்கி இப்படி நீட்ட வேண்டும், மெதுவாக, பிள்ளை அழுதால் நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பிள்ளை அழுதால் நிறுத்துகிற வைத்தியத்தை வீராசாமி அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் தினமும் வந்தார், வெந்நீர் ஒற்றினார், மடக்கினார், நீட்டினார். முதலில் கட்டைவிரல் அசைந்தது. பிறகு பாதம். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தது. இதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் காலோ கையோ போகவில்லை. சிரட்டையால்தான், வேப்பிலையால்தான், சுண்ணாம்பால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பாதிப் பிள்ளைகளுக்கு வந்ததே தெரியாமல் போயிருக்கும் என்று டாக்டரே சொன்னார். ஆனால் சிரட்டைகளை யாரும் தூக்கி எறியவில்லை.

இரண்டு வாசல் கொத்துகளும் அவிழ்ந்து பல நாளான ஒரு மத்தியானம், நான் அடுப்படியில் இருந்தேன். பின்வாசலில் ஏதோ உரசுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் ராக்கு. யாரும் தூக்கிவரவில்லை. வலது பாதம் தரையில் ஒரு கோடு இழுக்க, ஆடி ஆடி, அத்தனை தூரத்தை நடந்தே வந்திருக்கிறது. அஞ்சலை பின்னாலேயே கொஞ்சம் தள்ளி வந்தாள், கையைக் கொடுக்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. திரேசா ஓடிப்போய்த் தன் தகரக் குவளையில் கோப்பியை ஊற்றி நீட்டினாள். ராக்கு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

"உன்னுது வேணாம். என் சிரட்டைய அம்மா கொண்டாருது."

என் வீட்டுக்காரரின் மூன்று மொழிப் பலகையை இப்போது எங்கள் கோழிக்கூட்டுக்குக் கதவாக வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அதற்கு மரியாதை கொடுத்து நின்றது கோழிகள் மட்டும்தான்.